திருப்படியில் வைத்த வாள்

திருவனந்தபுரம் ஸ்ரீபத்மநாபசுவாமி திருக்கோயிலில், கருவறைக்கு முன்னே ஒற்றைக்கல் மண்டபம் உள்ளது. அனந்தன்மேல் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று திருவாயில்களின் வழியே திருமுகம், திருநாபி, திருவடி எனத் தரிசிக்கும் பக்தர்கள் அந்தக் கல்லின்மேல் நின்றே கைகூப்புகின்றனர். ஆனால் எவரும் அங்கே விழுந்து வணங்குவதில்லை. அக்கல்லில் உடல் பட விழுந்தவன் தன்னையும் தன் உடைமைகளையும் பெருமாளுக்குக் கொடுத்துவிட்டவனாவான் என்பது மரபு. அங்கே விழுந்து வணங்கும் உரிமை ‘பத்மநாபதாசர்’ என்ற பெயர் தாங்கிய திருவிதாங்கூர் அரச குடும்பத் தலைவருக்கு மட்டுமே உண்டு.

அந்தப் பெயர் பிறந்தது 1750ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில். அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்ம மகாராஜா தம் குடும்பத்தாருடன் சந்நிதிக்கு வந்து, உடைவாளைப் பெருமாள் திருமுன் வைத்து, தாம் வென்ற நாடு முழுவதையும் அவருக்கே தாரை வார்த்தார். அன்றுமுதல் நாட்டின் அரசர் பத்மநாபர். தாமும் தம் வழியினரும் அவருடைய அடியார்கள் என்று எழுதிக் கொடுத்தார். இந்நிகழ்ச்சி ‘திருப்படிதானம்’ என்று வழங்கப்படுகிறது.

உலக வரலாற்றில் நாட்டை வென்றவர்கள் பலர். வென்றதை ஒரே நாளில் இறைவனுக்குக் கொடுத்துவிட்டு, அடியாராகத் திரும்பிச் சென்றவர்கள் மிகச் சிலர். ஆயினும் இந்தப் பெருஞ்செயலை எண்ணும்போது சிந்திக்கும் மனத்தில் ஒரு வினா எழாமல் இராது. போரில் வென்றதை இறைவனுக்குக் கொடுக்கலாம். போரில் செய்ததை என்ன செய்வது? காணிக்கை செலுத்திய பின் அந்தக் கைகளில் படிந்த குருதி என்னவாகிறது?

இவ்வினாவை இருபத்தேழு ஆண்டுக் காலம் விடாமல் பின்தொடர்ந்த எழுத்தாளர் ஒருவர் இதே திருவனந்தபுரத்தில் வாழ்ந்தார். மலையாளத்தின் முதல் வரலாற்றுப் புதினத்தை எழுதிய சி.வி. ராமன் பிள்ளையே அவர்.

போரைக் காணாத போர்க் கதாசிரியர்

மார்த்தாண்ட வர்மர் மறைந்தது 1758ஆம் ஆண்டு. சரியாக நூறாண்டுகளுக்குப் பின், 1858 மே 19 அன்று சி.வி. பிறந்தார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பயின்று 1881இல் பட்டம் பெற்றார். அங்கே தமக்கு ஆசிரியராக இருந்த ஜான் ராஸ் என்ற ஆங்கிலேயப் பேராசிரியரின் நினைவாகவே பிற்காலத்தில் தம் இல்லத்துக்கு ‘ராஸ்காட்’ என்று பெயரிட்டார். அரசுப் பணியில் சேர்ந்து அரசு அச்சகத்தின் கண்காணிப்பாளராக உயர்ந்தார். 1922 மார்ச் 21 அன்று மறைந்தார்.

இந்த வாழ்க்கையில் போர்க்களம் எங்கும் இல்லை. கிரேக்க நாட்டின் ஸ்ட்ராட்டிஸ் மிரிவிலிஸ் அவ்வாறல்லர். பால்கன் போர்களிலும் முதல் உலகப் போரிலும் தாமே படைவீரராகப் போரிட்டு, பதுங்குகுழியின் சேற்றில் கிடந்து அறிந்ததை ‘கல்லறையில் வாழ்வு’ என்ற புதினமாக 1924இல் வெளியிட்டார். போர் அவருடைய உடலில் புகுந்து எழுத்தாயிற்று. சி.வி.க்கோ போர் செவிவழியாக வந்தது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தவை பாட்டாகவும் கதையாகவும் கண்முன் நிற்கும் கோட்டையாகவும் அந்நாட்டில் உயிரோடிருந்தன. போர் அதை நடத்திய தலைமுறையோடு முடிவதில்லை. பேரர்களின் நினைவிலும் தொடர்கிறது. சி.வி.யின் எழுத்தே அதற்குச் சான்று. சமூகப் புதினமும் நகைச்சுவை நாடகங்களும் அவர் எழுதியுள்ளார். எனினும் அவர் பெயரை நிலைநிறுத்திய மூன்று பெரும் புதினங்களும் திருவிதாங்கூரின் பதினெட்டாம் நூற்றாண்டுப் போராட்டங்களையே களமாகக் கொண்டவை.

வெற்றியின் கதை

முதல் புதினமான ‘மார்த்தாண்டவர்மா’ 1891இல் வெளிவந்தது. இளவரசர் மார்த்தாண்ட வர்மர் அரியணை ஏறும் முன் உயிருக்கு அஞ்சி ஒளிந்து திரிந்த காலமே அதன் களம். மருமக்கள்தாய முறைப்படி மருமகனுக்கு உரிய அரசைத் தாம் பெற விரும்பிய தம்பிமார் ஒருபுறம். அவர்களுக்குத் துணைநின்ற எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற பெருநிலக் குடும்பத்தினர் மறுபுறம். இளவரசர் பலா மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர்தப்பியதாக மக்கள் இன்றும் கூறுவர். நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில் அந்தப் பலா மரம் ‘அம்மச்சிப் பிலாவு’ என்ற பெயரோடு போற்றப்பட்டு வருகிறது.

வேட்டையாடப்பட்டவர் பின்னர் வென்றார். 1729இல் அரசரானார். தம்பிமார் கொல்லப்பட்டனர். பிள்ளைமார் தண்டனைக்கு உள்ளாயினர். அவர்களுடைய வீடுகள் இடிக்கப்பட்டன. அவ்வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் கடற்கரை மக்களிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்று திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பின்னர் 1741இல் குளச்சலில் டச்சுப் படை தோற்றது. வடக்கே காயங்குளம் முதலிய நாடுகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன.

சி.வி.யின் முதல் புதினத்தில் இளவரசரின் தரப்பே நியாயத்தின் தரப்பு. முப்பத்து மூன்று வயது எழுத்தாளரின் எழுச்சி அதில் தெரிகிறது. ஆயினும் அந்த வெற்றியின் நடுவே அவர் சுபத்ரா என்ற பெண்ணை நிறுத்தியுள்ளார். அவள் பிள்ளைமார் குடும்பத்தில் வளர்ந்தவள். தன் உறவினர்களின் சதியை அறிந்து, இளவரசரைக் காப்பாற்றத் தன்னையே பணயம் வைக்கிறாள். இறுதியில் தன் உறவினரான குடமண் பிள்ளையின் கையாலேயே மடிகிறாள். வென்ற தரப்புக்கு உதவியவள் அவள். தோற்ற தரப்பின் இரத்தமும் அவளே. அவள் சாவுக்கு எந்த முடிசூட்டு விழாவும் ஈடாகாது. வெற்றிக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதை இளமையிலேயே சி.வி. அறிந்திருந்தார்.

காவி உடுத்துத் திரும்பி வந்த பகை

அடுத்த வரலாற்றுப் புதினமான ‘தர்மராஜா’ 1913இல்தான் வெளிவந்தது. இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. இப்போது கதையில் மார்த்தாண்ட வர்மர் இல்லை. அவருடைய மருமகனான கார்த்திகைத் திருநாள் ராமவர்மர் ஆள்கிறார். நாடு அமைதியாக இருக்கிறது. பழைய பகைவர் வேரோடு அழிந்துவிட்டதாக எல்லோரும் எண்ணுகின்றனர். அந்த அமைதிக்குள் ஹரிபஞ்சானனன் என்ற யோகி வருகிறார். ஒளிவீசும் தோற்றம், கற்றோரை வியக்கவைக்கும் ஞானப் பேச்சு, பணிந்து நிற்கும் செல்வந்தர் கூட்டம் எல்லாம் அவரிடம் உண்டு. ஆனால் அவர் எட்டுவீட்டாரின் வழியில் வந்தவர். தம் குலத்தை அழித்த அரசைக் கவிழ்ப்பதே அவருடைய உண்மையான விரதம். அந்த யோகி ஒருவரல்லர், ஒரே உருவம் கொண்ட இரட்டையர் என்பது பின்னர் வெளிப்படுகிறது.

அழிக்கப்பட்ட பகை எப்படித் திரும்பி வருகிறது என்பதைக் காட்ட சி.வி. எத்தனையோ வேடங்களைத் தேர்ந்திருக்கலாம். அவர் தேர்ந்தது துறவியின் வேடம். ஆன்மிக வாழ்வில் நாட்டம் உடையோர் இவ்விடத்தில் நின்று சிந்திக்க வேண்டும். பழிவாங்கும் எண்ணமும் தவத்தைப் போன்றே ஒருமுகப்பட்டது. அதுவும் உறக்கத்தைக் குறைக்கும், சுகங்களைத் துறக்கச் செய்யும், ஒரே இலக்கில் மனத்தை நிறுத்தும். வெளியே பார்ப்பவருக்கு அது வைராக்கியமாகவே தோன்றும். ஒன்றை வெறுப்பதற்காக உலகைத் துறப்பது வேறு. ஒன்றை நேசிப்பதால் உலகம் தானே நழுவிப்போவது வேறு. முன்னது உள்ளத்தை எரித்துச் சாம்பலாக்கும். பின்னது உள்ளத்தைக் குளிரச் செய்யும்.

ஹரிபஞ்சானனனைச் சி.வி. கொடியவனாகவே காட்டுகிறார், ஆனால் சிறியவனாகக் காட்டவில்லை. அவனுடைய சினத்துக்கு ஒரு காரணம் உண்டென்பதை மறைக்கவும் இல்லை. முதல் புதினத்தில் வெற்றி பெற்றவர்களின் கதையைச் சொன்ன அதே கை, இரண்டாவது புதினத்தில் தோற்றவர்களின் வழித்தோன்றலுக்குக் குரல் கொடுத்தது. வயது ஐம்பத்தைந்தைத் தொட்ட எழுத்தாளர் வெற்றியின் மறுபக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

மக்கள் இதை முன்பே அறிந்திருந்தனர். நாஞ்சில் நாட்டில் ‘வலிய தம்பி குஞ்சுத் தம்பி கதை’ வில்லுப்பாட்டாக வழங்கி வந்துள்ளது. அரசவை வரலாற்றில் துரோகிகளான தம்பிமார் அப்பாட்டில் வீரர்கள். கொடுஞ்சாவு எய்தியவர்களைத் தெய்வமாக நிறுத்திப் படையலிடுவது அந்நாட்டார் வழக்கம். அரசு மறக்க விரும்பியதை ஊர் மறக்கவில்லை.

கலிங்கத்தில் வெட்டப்படாத சாசனம்

போருக்குப் பின் மனம் மாறிய அரசர் என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவர் அசோகர். கலிங்கப் போரில் ஓர் இலட்சம் பேர் கொல்லப்பட்டதையும், ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டதையும் அவரே தம் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் ஒப்புக்கொண்டு வருந்துகிறார். ஓர் அரசன் தன் வெற்றியையே குற்றமாக எழுதிவைத்த அந்தச் சாசனம் மானுட வரலாற்றின் மணிகளுள் ஒன்று. ஆனால் அச்சாசனம் மேற்கே கிர்னாரிலும் வடமேற்கே சபாஸ்கடியிலும் காணப்படுகிறதே தவிர, கலிங்கத்துக்குள்ளேயே இருக்கும் தௌலியிலும் ஜௌகடாவிலும் அது பொறிக்கப்படவில்லை. அங்கே அதற்குப் பதிலாக, குடிமக்கள் அனைவரும் தம் பிள்ளைகள் என்ற கருத்தும் அதிகாரிகளுக்கான அறிவுரைகளும் அடங்கிய வேறு சாசனங்கள் உள்ளன.

காரணம் எதுவாயினும் இச்செய்தி சிந்தனையைத் தூண்டுகிறது. தான் செய்த தவற்றை உலகம் முழுவதற்கும் சொல்லிவிடலாம். இறைவனிடமும் சொல்லிவிடலாம். யாருக்குச் செய்தோமோ அவர் முகத்துக்கு நேரே சொல்வதே கடினம்.

திருவனந்தபுரத்திலும் பிராயச்சித்தம் நடந்தது. ஆறாண்டுகளுக்கு ஒருமுறை, ஐம்பத்தாறு நாட்கள் வேத பாராயணம் நிகழும் முறைஜபம் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் தொடங்கியது. போர்களில் நேர்ந்த பாவங்களுக்குக் கழுவாயாகவே அவர் அதை ஏற்படுத்தினார் என்பர். இலட்சதீபத்தோடு அது நிறைவுறும். அவ்விளக்குகளின் ஒளி இன்றும் பக்தர்களின் உள்ளத்தை நிறைக்கிறது. அதன் புனிதத்தை எவரும் குறைத்துப் பேச இயலாது. ஆயினும் மகாபாரதம் இங்கே ஒரு கீரிப்பிள்ளையை அனுப்பி வைக்கிறது. குருக்ஷேத்திரப் போருக்குப் பின் தருமபுத்திரர் நடத்திய அசுவமேத வேள்வியில், பாதி உடல் பொன்னான ஒரு கீரி வந்து புரண்டது. பஞ்சத்தில் தன் கடைசிப் பிடி மாவையும் விருந்தினனுக்கு ஈந்த ஏழைக் குடும்பத்தின் வீட்டில் சிந்திய மாவால் பொன்னான அதன் உடல், பேரரசரின் வேள்விச்சாலையில் மேலும் பொன்னாகவில்லை. சுவாமி விவேகானந்தர் தம் கர்மயோகச் சொற்பொழிவில் எடுத்துரைத்த கதை இது. கொடுக்கப்பட்டதன் அளவை அந்தக் கீரி பார்க்கவில்லை; கொடுத்தவர் எதை இழந்து கொடுத்தார் என்பதையே பார்த்தது.

அடைக்கலம் காத்த வாள்

அப்படியானால் திருப்படியில் வாளை வைத்தது வெறும் சடங்குதானா? இவ்வினாவுக்கான விடை சி.வி.யின் மூன்றாவது புதினத்தின் களத்தில் இருக்கிறது. ‘ராமராஜபகதூர்’ 1918, 1919ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. உலகப் போர் முடிவுற்ற காலம் அது.

1766இல் ஹைதர் அலியின் படை மலபாரில் புகுந்தது முதல், அங்கிருந்து அரச குடும்பத்தினரும் எளிய மக்களும் தெற்கே ஓடிவந்தனர். கார்த்திகைத் திருநாள் அவர்களுக்கு அடைக்கலம் அளித்தார். அவ்வாறு அளிப்பது மைசூரின் பகையைத் தேடிக்கொள்வதாகும் என்பதை அறிந்தே அளித்தார். மக்கள் அவரைத் தர்மராஜா என்று அழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1789 டிசம்பர் இறுதியில் திப்பு சுல்தானின் படை நெடுங்கோட்டை அரணைத் தாக்கியது. முதலில் தடுக்கப்பட்டாலும், 1790இல் அரணை உடைத்து ஆலுவா வரை வந்தது. பெரியாற்றின் மழை வெள்ளமும், ஆங்கிலேயருடன் மூண்ட போரும் அதைத் திரும்பச் செய்தன. அந்நாளின் திவான் ராஜா கேசவதாசே சி.வி.யின் புதினத்துக்கு மையமானவர்.

1750இல் கீழே வைக்கப்பட்ட வாள் இப்போது மீண்டும் கையில் எடுக்கப்பட்டது. ஆனால் அது வேறு வாள். முன்பு அது நாட்டைச் சேர்ப்பதற்காக உறையிலிருந்து வந்தது. இப்போது தஞ்சமென்று வந்தவரைக் கைவிடாமல் இருப்பதற்காக வந்தது. அரசன் பத்மநாபர், தான் அடியார் என்றால், அவர் வாசலுக்கு வந்தவரைத் துரத்தும் உரிமை அடியாருக்கு இல்லை. திருப்படிதானத்தின் உண்மையான பொருள் செப்பமாகப் புலப்பட்டது இந்தச் சோதனையில்தான்.

இதற்கும் விலை இருந்தது. போரால் நாடு பொருளாதாரத்தில் தளர்ந்தது. 1795இல் ஆங்கிலக் கும்பினியுடன் உடன்படிக்கை செய்துகொண்டு திறை செலுத்த நேர்ந்தது. தர்மத்தின் வழியில் நடப்பவனுக்கு இழப்பு வராது என்று எந்தச் சாத்திரமும் வாக்களிக்கவில்லை. இழப்பு வந்தாலும் அவன் உள்ளத்தில் ஹரிபஞ்சானனன்கள் பிறப்பதில்லை என்பதே தர்மத்தின் பயன்.

அர்ப்பணம் எப்போது தொடங்குகிறது?

கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில், செய்வதையெல்லாம் தனக்கு அர்ப்பணிக்குமாறு பகவான் அர்ஜுனனுக்கு உபதேசிக்கிறார். இவ்வுபதேசத்தை இரு விதமாகக் கொள்ளலாம். விரும்பியதையெல்லாம் செய்துவிட்டு, பின்னர் பலனில் ஒரு பங்கை இறைவனிடம் சேர்ப்பது ஒரு விதம். இதில் இறைவன் கணக்கை நேர்செய்யும் கணக்கராகிவிடுகிறார். செய்யும்போதே இது அவருக்கென்று எண்ணிச் செய்வது மற்றொரு விதம். பூஜைக்குப் பூப்பறிப்பவன் புழு அரித்த மலரைக் கூடையில் இடுவதில்லை. இறைவனுக்கென்று பறிக்கிறோம் என்ற நினைவே அவன் கையைத் தடுக்கிறது. அதுபோல, இச்செயலை அவர் திருவடியில் வைக்கப்போகிறோம் என்ற நினைவு செயலுக்கு முன்னே வந்தால், வைக்கத் தகாத செயல் நிகழாமலே போகும். உண்மையான அர்ப்பணம் செயலுக்கு முன்னே நிற்கும் காவல்.

அப்படியெனில், முன்பே தவறு செய்துவிட்டவனுக்கு வழி இல்லையா? உண்டு. ஆனால் அவனுடைய அர்ப்பணம் பழைய செயலை இல்லாததாக்குவதில்லை. இனிமேல் ‘நான்’ என்பதன் இடத்தை மாற்றுகிறது. அகங்காரம் எளிதில் போகாதென்றால் அது இறைவனின் அடிமையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பது ஸ்ரீராமகிருஷ்ணரின் உபதேசம். உரிமையாளனாக இருந்தவன் ஊழியனாகிறான். ஊழியனுக்கு எசமானரின் மற்றப் பிள்ளைகளின்மீது பகை பாராட்ட இடமில்லை. தான் யாரை வருத்தினானோ அவரும் அந்த எசமானரின் பிள்ளையே. ஆகவே அவன் கோயிலிலிருந்து திரும்பும் வழி, தன்னால் துன்புற்றவர் வீட்டு வாசல் வழியாகச் செல்ல வேண்டும்.

இது அரசர்களுக்கு மட்டுமான பாடம் அன்று. உடன்பிறந்தவரின் பங்கைத் தந்திரமாகத் தம் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு, கோபுரத் திருப்பணிக்கு வாரி வழங்குவோர் உண்டு. வயதான தாயின் மனத்தைப் புண்படுத்திவிட்டுத் தீர்த்த யாத்திரை சென்று திரும்புவோர் உண்டு. அவர்களுடைய பக்தி பொய்யென்று சொல்லிவிட முடியாது. கண்ணீர்கூட உண்மையானதாக இருக்கலாம். ஆனால் காணிக்கை உண்டியலில் விழும் ஒலி, அடுத்த தெருவில் விழித்திருக்கும் தம்பியின் செவிக்கு எட்டுவதில்லை. அவனுடைய பிள்ளைகள் அக்கதையைக் கேட்டு வளர்கிறார்கள். ஒரு தலைமுறை கழித்து அது ஏதோ ஒரு வேடத்தில் திரும்பி வருகிறது. ‘தர்மராஜா’ புதினத்தின் கதை அரண்மனைகளில் மட்டும் நிகழ்வதன்று.

‘மார்த்தாண்டவர்மா’ வெளிவந்த மறு ஆண்டு, 1892 டிசம்பரில், இளம் துறவி ஒருவர் திருவனந்தபுரத்துக்கு வந்தார். அரச குடும்பத்து இளவரசரின் ஆசிரியராக இருந்த சுந்தரராம ஐயரின் இல்லத்தில் தங்கி, பின்னர் கன்னியாகுமரிக்குச் சென்றார். அத்துறவியான சுவாமி விவேகானந்தர், துன்புறும் மக்களிடமே இறைவனைக் கண்டு சேவை செய்யுமாறு பின்னாளில் உலகுக்கு எடுத்துரைத்தார். இறைவனிடம் மன்னிப்பு வேண்டுபவனுக்கு அவர் காட்டிய வழியும் அதுவே. கருவறையில் பள்ளிகொண்டிருப்பவர் ஒருவர். தன்னால் வாடி நிற்பவரின் உள்ளத்தில் விழித்திருப்பவரும் அவரே. ஒருவரிடம் கொடுத்ததை மற்றொருவரிடம் மறுத்தால் காணிக்கை நிறைவு பெறாது.

ஒற்றைக்கல்லின்மேல் எல்லோராலும் விழுந்து வணங்க இயலாது. ஆனால் பிணங்கி நிற்கும் உறவினரின் வீட்டுப் படியில், வைத்திருக்கும் வாளைக் கீழே வைத்துவிட்டு நிற்க எல்லோராலும் இயலும். அந்தப் படியும் திருப்படியே.